எடுத்து வளர்த்த பிள்ளை, சட்டத்தின் முன் யார் பிள்ளை?

நம் உறவு வட்டத்தில் ஒரு வீட்டிலாவது எடுத்து வளர்த்த பிள்ளை இருக்கும். அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்று தங்கை தன் மூன்றாவது பிள்ளையைக் கொடுத்திருப்பார். பிரசவத்தில் தாய் இறந்துபோக, தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டில் வளர்ந்த குழந்தை இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார். யாரோ சொல்லி, முகம் தெரியாத ஒரு தாயிடமிருந்து வந்து சேர்ந்த பிள்ளையும் உண்டு. சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்த பிறகு ‘இது யார் பிள்ளை’ என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.

கேட்பது அரசாங்கக் கவுண்டர்தான். அநேகமாக இரண்டு சமயங்களில் கேட்கும். பிள்ளைக்கு 12 வயதாகி மைகாட் எடுக்கப் போகும்போது ஒரு முறை. வளர்த்தவர் உயில் எழுதாமல் கண்மூடி, வீட்டின் பெயரை மாற்றப் போகும்போது இன்னொரு முறை. அந்த நேரத்தில் ‘எங்களுக்குத் தெரிந்து அவள்தான் பிள்ளை’ என்று சொல்ல ஊரே திரண்டு வந்து நின்றாலும் பயன் இல்லை. தாள் வேண்டும். அதுவும் சரியான தாள் வேண்டும்.

மலேசியாவில் அந்தத் தாள் எது, எப்படிக் கிடைக்கும், எங்கே வழி தவறிவிடுகிறோம் என்பதைத்தான் இக்கட்டுரை பேசுகிறது. இங்கே சொல்லப்படுவது தீபகற்ப மலேசியாவின் நடைமுறை. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனித் தத்தெடுப்புச் சட்டங்கள் உள்ளன. அங்கு வாழ்பவர்கள் அந்தந்த மாநில விதிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு சொல், இரண்டு உறவுகள்

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ‘வளர்ப்பு மகன்’, ‘வளர்ப்பு மகள்’ என்று சொன்னால் அது தத்துப் பிள்ளையையும் குறிக்கும், சில காலம் நம் வீட்டில் தங்கி வளரும் பிள்ளையையும் குறிக்கும். மலாயில் இவை வேறு வேறு. தத்தெடுத்த பிள்ளை ‘அனாக் அங்காட்’. பராமரிப்பில் விடப்பட்ட பிள்ளை ‘அனாக் பெலிஹாரா’. சமூகநல இலாகாவில் நாம் எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ அதற்குரிய பாரத்தைத்தான் எடுத்துத் தருவார்கள்.

தத்தெடுப்பு நிரந்தரமானது. நீதிமன்றம் ஆணையிட்டுவிட்டால் பெற்றவர்களின் உரிமையும் கடமையும் அங்கே முடிகின்றன, எடுத்தவர்களுடையது தொடங்குகிறது. வளர்ப்புப் பராமரிப்பு அப்படியல்ல. பிள்ளைக்குப் பாதுகாப்பான ஒரு வீடு உடனே தேவைப்படும்போது சட்டம் செய்யும் ஏற்பாடு அது, அதற்குக் கால வரம்பும் உண்டு. இக்கட்டுரையில் முன்னதைத் தத்தெடுப்பு என்றும் பின்னதைப் பராமரிப்பு என்றும் சொல்கிறோம்.

ஒரே ஆண்டில் பிறந்த இரு சட்டங்கள்

தத்தெடுப்புக்கு இங்கே இரண்டு வாசல்கள். இரண்டுமே 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள். பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. நம்மவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஒன்று, தத்தெடுப்புச் சட்டம் 1952. ‘சட்டம் 257’ என்பார்கள். இதன் கீழ் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். தத்தெடுப்பவரோ பிள்ளையோ முஸ்லிமாக இருந்தால் இது பொருந்தாது.

மற்றொன்று, தத்தெடுப்புப் பதிவுச் சட்டம் 1952, ‘சட்டம் 253’. இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து தன் பொறுப்பில் வைத்து வளர்த்து, படிக்க வைத்து வருபவர் தேசியப் பதிவு இலாகாவில் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். முஸ்லிம்களும் மற்றவர்களும் பயன்படுத்தலாம். இஸ்லாமியச் சட்டத்தில் வம்சவழியும் வாரிசுரிமையும் தத்தெடுப்பால் மாறுவதில்லை என்பதால் முஸ்லிம் குடும்பங்களுக்கு உரிய வழி இதுதான்.

நீதிமன்றம் வேண்டாம், வழக்கறிஞர் செலவு வேண்டாம் என்றால் யாருக்கும் இரண்டாவது வாசல்தான் எளிதாகத் தெரியும். ‘பதிவு செய்தாயிற்று, சான்றிதழும் கையில் இருக்கிறது, இனி என்ன’ என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஆனால் சட்டம் 253 தருவது வளர்க்கும் பொறுப்பையும் உரிமையையும் மட்டுமே. சொத்தில் பிள்ளை என்ற பங்கை அது தராது.

இதை எழுதி வைத்திருப்பது தத்தெடுப்புச் சட்டமல்ல, வேறொரு சட்டம். உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதவரின் சொத்து யாருக்குப் போகும் என்று சொல்லும் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம், ‘பிள்ளை’ யார் என்று வரையறுக்கும்போது, 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட பிள்ளையைத் தவிர மற்ற வளர்ப்புப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடுகிறது. அந்த ஒரு வரியில் எத்தனையோ குடும்பங்களின் வீடு அடங்கியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி, கைக்குழந்தையாக இருந்தபோதே எடுத்து வளர்த்த மகள். கணவர் பெயரில் ஒரு வீடு. அவருடைய வயதான தாயாரும் உயிருடன் இருக்கிறார். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார்.

நீதிமன்ற ஆணை இருந்தால் மகள் சட்டப்படி பிள்ளை. மனைவிக்குக் கால் பங்கு, மகளுக்கு அரைப் பங்கு, தாயாருக்குக் கால் பங்கு. ஆணை இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் இறந்தவருக்குப் பிள்ளையே இல்லை. மனைவிக்குப் பாதி, தாயாருக்குப் பாதி. மகளுக்கு ஒன்றுமில்லை.

இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப் பாருங்கள். பாட்டியும் இல்லை, வளர்த்த தாயும் உயில் எழுதாமல் காலமாகிறார், அவருடைய பெற்றோரும் முன்பே போய்விட்டார்கள். அவர் பெயரில் இருந்த பங்கு இப்போது அவருடைய உடன்பிறந்தவர்களுக்குப் போகும். கடைசி வரை உடனிருந்து கவனித்து, காரியம் வரை செய்து முடித்த மகள் தாய்மாமன்களிடமும் சித்திகளிடமும் தயவு கேட்டு நிற்க வேண்டும். அவர்கள் நல்லவர்களாக இருந்தால் விட்டுக்கொடுப்பார்கள். நல்லவர்களாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு பிள்ளையின் கூரையை விட்டுவைக்க முடியாது.

கோயிலில் வைத்து, உறவினர் முன்னிலையில், ஐயர் மந்திரம் சொல்லச் சுவீகாரம் எடுத்தோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சடங்குக்குக் குடும்பத்தில் மதிப்பு உண்டு. பங்கீட்டுச் சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நீதிமன்றத்தில் நடப்பது என்ன?

‘கோர்ட்’ என்ற சொல்லே நம்மில் பலரைப் பின்வாங்க வைக்கிறது. குற்றவாளிக் கூண்டு, வாதம், எதிர்வாதம் என்று சினிமாவில் பார்த்தது கண்ணில் வந்து நிற்கிறது. தத்தெடுப்பு விண்ணப்பம் நீதிபதியின் அறையில், பொதுமக்கள் இல்லாமல் விசாரிக்கப்படுவது.

பிள்ளை 21 வயதுக்குட்பட்டவராக, திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். தத்தெடுப்பவர் 25 வயதை எட்டியிருக்க வேண்டும். பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். உறவினராக இருந்தால் 21 வயது நிறைந்திருந்தால் போதும். அக்கா தங்கைக்குள் பிள்ளையைக் கொடுத்து வாங்கும் நம் குடும்பங்களுக்கு இந்தச் சலுகை பெரிதும் உதவும். திருமணமானவர்கள் இருவராகச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் பெண்ணும் தத்தெடுக்கலாம். தனியாக விண்ணப்பிக்கும் ஆண் பெண் பிள்ளையைத் தத்தெடுக்க, நீதிமன்றம் ஏற்கத்தக்க சிறப்புக் காரணம் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவரும் பிள்ளையும் தீபகற்ப மலேசியாவில் வசிப்பவர்களாக இருப்பதும் அவசியம்.

ஆணை கிடைப்பதற்கு முன் குறைந்தது 3 மாதங்கள் பிள்ளை தொடர்ந்து விண்ணப்பதாரரின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். தத்தெடுக்கும் எண்ணத்தைச் சமூகநல அதிகாரிக்கு 3 மாதங்களுக்கு முன்பே அறிவித்திருக்கவும் வேண்டும். நீதிமன்றம் பிள்ளையின் நலனுக்காக ஒரு காப்பாளரை நியமிக்கும். நடைமுறையில் பெரும்பாலும் அவர் சமூகநல இலாகா அதிகாரி. அவர் வீட்டுக்கு வருவார். சம்பளம் என்ன, யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைக்குப் படுக்க இடம் எங்கே, ஏன் தத்தெடுக்க விரும்புகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார். வாடகை வீடா, சொந்த வீடா என்பதைவிடப் பிள்ளை அந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்பதே அவர் பார்க்க வருவது. உடனே இறுதி ஆணை தராமல், சில காலம் பார்க்கலாம் என்று நீதிமன்றம் இடைக்கால ஆணை தரவும் சட்டத்தில் இடம் உண்டு.

பெற்றவர்களின் சம்மதம் முக்கியம். பிள்ளையைக் கைவிட்டுச் சென்றவர்கள், கொடுமைப்படுத்தியவர்கள், தேடியும் கண்டுபிடிக்க முடியாதவர்கள் ஆகியோரின் சம்மதம் இல்லாமலும் ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உயிருடன், தொடர்பில் இருக்கும் தாயின் சம்மதத்தை ‘அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் பல விண்ணப்பங்களைச் சிக்கலாக்குகிறது. முகவரி மாறும், தொலைபேசி எண் மாறும், அந்தப் பெண்ணுக்குத் திருமணமாகிவிட்டால் பழைய கதையைக் கிளற அவர் விரும்பமாட்டார்.

ஆணை கிடைத்த பின் தேசியப் பதிவு இலாகா தத்துப் பிள்ளைகள் பதிவேட்டில் அதைப் பதிந்து, தத்தெடுத்தவர்களைப் பெற்றோர் என்று காட்டும் புதிய பிறப்புப் பத்திரத்தைத் தரும்.

குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விடும்?

இவ்வளவு ஏன், பிறப்பையே நம் பெயரில் பதிந்துவிட்டால் வேலை முடிந்ததே என்று சொல்லிக்கொடுக்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். பெற்றவள் ஒருத்தி, பிறப்புப் பத்திரத்தில் தாய் இன்னொருத்தி. இது பொய்த் தகவல் கொடுக்கும் குற்றம். பிள்ளைக்காகப் பணம் கைமாறியிருந்தால் அதைவிடப் பெரிய குற்றம். சிறார் சட்டம் 2001 அதைத் தனியாகவே தண்டிக்கிறது.

தண்டனையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பொய்யான பத்திரம் எந்த நாளிலும் கேள்விக்குள்ளாகலாம். மரபணுச் சோதனை கேட்கப்பட்டால் ஒரே நாளில் அந்தப் பிள்ளை பெயரையும் பெற்றோரையும் குடியுரிமையையும் சேர்த்து இழக்கலாம். பெற்ற தாய் யார் என்பதற்கு அப்போது எந்தப் பதிவும் இருக்காது. எடுத்தவர்கள் ஆசையில் செய்தது, பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் தலைக்கு மேல் தொங்கும்.

உறவினரல்லாத ஒருவரின் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு வாரத்துக்குள் சமூகநல இலாகாவின் சிறார் பாதுகாவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சிறார் சட்டத்தின் விதி. பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. நேர்மையாக எடுத்து வளர்க்க நினைப்பவருக்கு அந்த அறிவிப்பு ஒரு பாதுகாப்பு. பிள்ளை எங்கிருந்து, எப்போது, எப்படி வந்தது என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

ஆணை கிடைத்தும் குடிமகன் இல்லை

நீதிமன்ற ஆணை குடும்பத்தைத் தரும். குடியுரிமையைத் தராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் புதிய பிறப்புப் பத்திரத்தை ஆசையாகப் பிரித்துப் பார்த்து, அதில் பிள்ளை ‘குடிமகன் அல்ல’ என்று இருப்பதைக் கண்டு அதிர்ந்துபோகும் பெற்றோர் உண்டு. எடுத்தவர்கள் மலேசியர் என்பதால் பிள்ளையும் மலேசியர் என்ற வாதத்தைப் பதிவு இலாகா ஏற்பதில்லை. பெற்றவர் யார் என்றுதான் அது பார்க்கும்.

கூட்டரசு அரசியலமைப்பின்படி, இங்கே பிறந்த பிள்ளையின் தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் பிள்ளை குடிமகன். பெற்றோருக்குச் சட்டப்படி திருமணம் ஆகவில்லையென்றால் தாயின் நிலைதான் கணக்கு. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணங்கள் இங்கே வந்து காலை வாருகின்றன. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று சட்டம் சொல்லியும், இன்றும் பதிவு ‘அப்புறம்’ என்று தள்ளிப்போகிறது. தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர், திருமணப் பதிவு இல்லை என்றால் பிள்ளை தாயின் பக்கம் சேர்க்கப்பட்டுவிடும்.

பெற்ற தாய் மலேசியராக இருந்தால் செய்ய வேண்டியது மிக எளிது: பிறந்த 60 நாள்களுக்குள், அவருடைய அடையாள அட்டை விவரங்களுடன், அவர் பெயரில் பிறப்பைப் பதிவு செய்துவிடுவது. ‘அந்தப் பெண்ணின் பெயர் வெளியே தெரிய வேண்டாம்’ என்று இரக்கப்பட்டு விவரம் இல்லாமல் பதிந்துவிட்டால், அந்த இரக்கத்தின் விலையைப் பிள்ளை கொடுக்கும். அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம், 12 வயதில் மைகாட் இல்லை, கடப்பிதழ் இல்லை, பிறகு வேலையிலும் வங்கியிலும் இதே கேள்வி.

தாய் யாரென்றே தெரியாத பிள்ளைகளின் நிலை வேறு. கண்டெடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தையை, இந்நாட்டின் நிரந்தரவாசியான தாய்க்கு இங்கேயே பிறந்ததாகக் கருத வேண்டும் என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை 19பி பிரிவு சொல்கிறது. 2021 நவம்பர் 19ஆம் தேதி, கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்தே அவர் குடிமகன் என்று தீர்ப்பளித்தது. பெற்றவர் யாரென்று நிரூபித்தால்தான் குடியுரிமை என்று கைவிடப்பட்ட பிள்ளையிடம் கேட்பது, அதனால் செய்யவே முடியாத ஒன்றைக் கேட்பதாகும். பின்னர் அரசாங்கம் கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தத்தில் இந்தப் பாதுகாப்பில் கைவைக்கும் யோசனையும் இருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2024 மார்ச்சில் அது மீட்டுக்கொள்ளப்பட்டது.

இந்தப் பிரிவு எட்டாத பிள்ளைகளுக்கு மிஞ்சியிருப்பது 15ஏ பிரிவு. சிறப்புச் சூழ்நிலையில் குடியுரிமை வழங்க அரசாங்கத்துக்கு அது அதிகாரம் தருகிறது. விண்ணப்பம் உள்துறை அமைச்சின் முடிவுக்குப் போகும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், நிராகரிக்கப்படவும் கூடும். 21 வயதுக்குள் என்றிருந்த வரம்பை 18 ஆகக் குறைக்கும் திருத்தமும் 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய மசோதாவில் அடங்கும். ஆகவே பிள்ளை பள்ளி போகும் முன்பே விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டால் மறுபடியும் விண்ணப்பிக்க அவகாசம் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பராமரிப்புக் குடும்பம்: கொடுத்துவிடத் தெரிந்த அன்பு

தீபாவளி நெருங்கினால் சிறார் இல்லங்களுக்கு நம்மவர்கள் பிரியாணியும் புதுத்துணியும் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டது. பிறந்தநாள் கேக்கும் அங்கேதான் வெட்டப்படுகிறது. நல்ல மனத்துடன் செய்வதுதான். அந்த இல்லங்களில் இருப்பவர்கள் எல்லாரும் தாய் தந்தை இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. தந்தை சிறையில், தாய் நோயில், குடும்பம் வறுமையில் என்று பெற்றவர் உயிருடன் இருக்கும்போதே இல்லத்துக்கு வந்த பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பார்த்து ‘தத்துக் கொடுப்பீர்களா’ என்று இல்ல நடத்துநரிடம் கேட்பதில் பொருளில்லை. அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தேவை ஒரு குடும்பம். அதற்காகப் பெற்றவரை அழித்துவிட வேண்டியதில்லை. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளை என்று சிறார் நீதிமன்றம் கண்டால், பெற்றவரிடமே நிபந்தனையுடன் அனுப்பலாம், உறவினர் போன்ற தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம், அரசாங்க இல்லத்துக்கு அனுப்பலாம். பெற்றோர் இல்லாத, அல்லது கைவிடப்பட்ட பிள்ளையை, சமூகநல இலாகா தகுதியானவர் என்று ஏற்ற பராமரிப்புப் பெற்றோரிடம் 2 ஆண்டுகளுக்கு, அல்லது 18 வயது வரைக்கும், எது குறைவோ அதற்கு ஒப்படைக்கலாம். அந்தக் காலத்துக்குள் உரிமை கோரி யாரும் வரவில்லையென்றால், அந்தப் பிள்ளை தத்தெடுப்புக்குப் போக வழி திறக்கும், வளர்த்தவர்களே விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ள பராமரிப்புக் குடும்பங்களுக்கு இலாகாவின் மாதாந்திர உதவித்தொகையும் உண்டு.

ஆனால் ‘தத்தெடுப்புக்கு இது சுலப வழி’ என்று எண்ணிப் பராமரிப்புக்கு முன்வருவது சரியாக வராது. பெற்ற தாய் திருந்தி, வேலை தேடி, வீடு பிடித்துப் பிள்ளையைக் கேட்டு வரலாம். அன்றைக்குப் பெட்டி கட்டிக் கொடுத்து, ‘அம்மாகிட்ட போய்ட்டு வா’ என்று அனுப்பத் தெரிய வேண்டும். நம் வீடுகளில் இதை ஒரு தோல்வியாகப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. ‘பாலூட்டி வளர்த்துப் பறிகொடுத்தாள்’ என்பார்கள். பிள்ளை தன் வீட்டுக்கே திரும்பிப் போகும் நிலை வந்தது என்றால் அந்தப் பராமரிப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. அதே சமயம் திரும்பிப் போக வீடே இல்லாத ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் ‘தற்காலிகம்’ என்ற பெயரிலேயே வைத்திருப்பதும் கொடுமைதான். மூன்று பள்ளி மாறி, நான்கு வீடு மாறிய பிள்ளை ஐந்தாவது வீட்டில் பையைப் பிரிக்காது.

தவிட்டுக்கு வாங்கின கதை

அண்ணன் தம்பி சண்டையில் ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று சீண்டுவது நமக்குப் பழக்கமான கேலி. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கும் பழைய சடங்கிலிருந்து வந்த பேச்சு அது. எமன் ஏமாந்து போவான் என்ற நம்பிக்கை. பெற்ற பிள்ளைக்கு அது வேடிக்கை. உண்மையிலேயே எடுத்து வளர்க்கப்பட்டு, அது சொல்லப்படாமல் இருக்கும் பிள்ளையிடம் ஓர் அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ விளையாட்டாகச் சொன்னால்?

நம் குடும்பங்களில் இந்த உண்மையைச் சொல்வதே இல்லை, அல்லது கல்யாண வயதில் ஜாதகம் எடுக்கும்போது சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் நமக்கு முன்னே இருந்த தலைமுறையிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னும், வறுமையாலும், பெண் பிள்ளை வேண்டாம் என்ற எண்ணத்தாலும், பிறந்த நேரம் சரியில்லை என்ற நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அவர்கள் புடவை கட்டி, தமிழ் பேசி, நம்மவர்களையே மணந்து, நம் பாட்டிகளாக ஆனார்கள். தெரேசா தேவசகாயம் இவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளிடம் எதையும் மறைக்க வழியில்லை, முகமே சொல்லிவிட்டது. எல்லார் அனுபவமும் இனிமையானது என்று சொல்ல முடியாது. ஆனால் மறைக்காமலேயே மகளாக வளர்க்க முடியும் என்பதை அந்த வீடுகள் காட்டியிருக்கின்றன. தாளில் கோட்டை விட்டதும் அந்தத் தலைமுறைதான். பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைந்தவர்கள் அவர்களிலும் உண்டு.

பிள்ளைக்கு நினைவு தெரியும் முன்பிருந்தே, தாலாட்டோடும் கதையோடும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வருவதுதான் நல்லது என்று தத்தெடுப்புத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். ‘அம்மா வயிற்றில் நீ வரவில்லை, அம்மா உன்னைத் தேடி வந்தேன்’ என்ற அளவில் தொடங்கலாம். உறவுக்குள் எடுத்த பிள்ளையென்றால் பெற்றவள் அதே குடும்பத்தில் ‘சின்னம்மா’வாக வந்துபோய்க்கொண்டிருப்பார். அங்கே மறைத்து வைப்பது இன்னும் கடினம், வெளிப்படும்போது வலியும் அதிகம்.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு

‘எங்கள் பிள்ளைக்கு 21 தாண்டிவிட்டதே’ என்பவர்களுக்குத் தத்தெடுப்பு வாசல் மூடிவிட்டது. உயில் வாசல் திறந்திருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்ட, தெளிந்த மனநிலை உள்ள எவரும் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறப்போகும் பிள்ளையோ அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது, இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். உயிலில் ‘என் மகன்’ என்று மட்டும் எழுதாமல் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதுங்கள். ஊழியர் சேமநிதியில் முஸ்லிம் அல்லாதவர் யாரையும் பயனாளராக நியமிக்கலாம். கவுண்டரில் அரை மணி நேர வேலை.

பிள்ளை இன்னும் 21க்குள் இருந்து, சட்டம் 253இன் கீழ் மட்டும் பதிவாகியிருந்தால், நீதிமன்ற ஆணைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் இந்த மாதமே கேட்டுவிடுவது நல்லது. போகும்போது பிள்ளையின் அசல் பிறப்புப் பத்திரம், பெற்றவர் சம்மதக் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், திருமணப் பதிவுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளி ஆவணங்கள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

தத்தெடுக்கவோ பராமரிப்புக் குடும்பமாகவோ விரும்புவோர் தத்தம் மாவட்டச் சமூகநல அலுவலகத்தை அணுகலாம். ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தாலோ, பிறக்கப்போகும் பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பெண் தவித்தாலோ, தாலியான் காசே 15999 எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.